வார்த்தைக் குடும்பஸ்தர்

காலை நேரத்து ஆவடி லோக்கலில், கைப்பிடியில் தொங்கியபடி உதடு மட்டும் அசைகிற ஒருவரைப் பார்க்கலாம். கந்த சஷ்டி கவசம் சொல்கிறார் என்று பக்தியோடு எழுந்து இடம் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே ஓடுவது 'டிசைட், டிசிஷன், டிசைசிவ், டிசைசிவ்லி'.

நாற்பத்தைந்து வயதிருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் சூப்பர்வைசர். சட்டைப் பையில் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் கொடுத்த குட்டி டைரி. அதில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு வெர்ப், நௌன், அட்ஜெக்டிவ், அட்வெர்ப் என்று நாலு கட்டம். நாமெல்லாம் தேவைக்கு ஒரு வார்த்தையைக் கூப்பிடுவோம். இவர் கூப்பிட்டால் ரேஷன் கார்டில் பேர் உள்ள அத்தனை பேரும் வந்து நிற்க வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

வீட்டு அலமாரியில் மூன்று புத்தகங்கள். 1935 முதல் நம் பள்ளிப் பிள்ளைகளைப் படுத்தும் ரென் அண்ட் மார்ட்டின். கபில்தேவ் விளம்பரத்தில் வந்ததற்காகவே வாங்கிய ராபிடெக்ஸ். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய அதே 1949-இல் அமெரிக்காவில் வெளியான நார்மன் லூயிஸின் 'வேர்ட் பவர் மேட் ஈஸி'. சைக்கிள் எத்தனையோ ஊருக்குப் போய்விட்டது. இவர் இன்னும் லூயிஸின் மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறார். இலக்கணப் புத்தகம் எழுதிய ரென்தான் பாலைவனச் சிப்பாய்களை வைத்து 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலையும் எழுதினார் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். சாமியார் சினிமா பார்த்தார் என்று கேள்விப்பட்டவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறர் தப்புதான் இவருக்குத் தீபாவளி. யாராவது 'ப்ரொனௌன்ஸியேஷன்' என்று வாய் தவறினால் போதும். பட்டரவாக்கத்தில் இறங்க வேண்டியவர் கொரட்டூர் வரை கூடவே வந்து 'ப்ரொனன்ஸியேஷன்' என்று திருத்திவிட்டு, அடுத்த வண்டியில் திரும்புவார்.

பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிற பையன்கள் கையில் சிக்கினால் விடமாட்டார்.

"தம்பி, 'அரைவ்' நௌன் ஃபார்ம்?"

"அரைவல் சார்."

"'சர்வைவ்'?"

"சர்வைவல்."

"'ரிசீவ்'?"

"ரிசீவல்."

"அங்கதான் எல்லாரும் விழுவாங்க!" என்று பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். பதிலைக் கொஞ்சம் ஊறப்போடலாம் என்று நினைத்திருப்பார். அதற்குள் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ரிசீப்ட் சார். ஸ்டோர்ஸ்ல டெய்லி அதானே போடுறோம், கூட்ஸ் ரிசீப்ட்டு."

இவருக்கு முகம் வாடிவிட்டது. "அது ஃபேக்டரி வார்த்தைங்க. நான் கேக்குறது இங்கிலீஷு."

இவரிடம் எனக்குள்ள வழக்கே இதுதான். எட்டரை மணிக்கு ஷாப்புக்குள் நுழைந்ததும் இவர் வாயைக் கேட்க வேண்டும். "டாலரன்ஸ் தாண்டிடுச்சு, ரிஜெக்ஷன்ல போடு. ரீவர்க் ஆகுமா பாரு. கஸ்டமர் கிட்ட டீவியேஷன் வாங்கலாம். கேலிப்ரேஷன் முடிஞ்ச வெர்னியரை எவன்டா வெச்சிருக்கான்?" அத்தனையும் நௌன் ஃபார்ம். ஒன்றுகூடப் பிசகவில்லை. டாலரன்ஸ் என்றால் இருபது மைக்ரானா முப்பதா என்பதுவரை தெரியும். ஆனால் இதில் ஒன்றும் டைரியில் ஏறவில்லை. அங்கே இருப்பது 'மேக்னானிமஸ், மேக்னானிமிட்டி, மேக்னானிமஸ்லி'. 1964-இல் எஸ்டேட் வந்த நாளிலிருந்து அங்கே யாரும் யாரையும் மேக்னானிமஸ் என்று கூப்பிட்டதாகத் தெரியவில்லை. என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்திலேயே துல்லியமான ஆங்கிலம் லேத் மெஷின் பக்கத்தில்தான் பேசப்படுகிறது. வார்த்தை மாறினால் லாட்டே திரும்பி வந்துவிடும்.

வீட்டில் இந்த வித்தைக்கு மதிப்பில்லை. பையன் பூந்தமல்லிப் பக்கம் இங்கிலீஷ் மீடியம். போனில் நண்பர்களோடு மணிக்கணக்கில் இங்கிலீஷ் பேசுவான். "'அபாலிஷ்' நௌன் ஃபார்ம் சொல்லு" என்றால், "சும்மா இருப்பா" என்பான். அவனுக்குப் பேசத் தெரியும், ஃபார்ம் தெரியாது. இவருக்கு எல்லா ஃபார்மும் தெரியும். கஸ்டமர் ஆடிட்டுக்கு ஜெர்மன்காரர் வந்து நின்றபோது வாயில் வந்தது 'எஸ் சார்', இரண்டு தடவை.

போன மாதம் காய்ச்சலில் படுத்தார். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று ஐந்தாம் வகுப்பில் எழுதிய அதே லீவ் லெட்டரை எழுதி அனுப்பினார். லீவும் கிடைத்தது. பார்க்கப் போனேன். போர்வைக்குள் டைரி திறந்திருந்தது. நௌன் கட்டத்தில் ஃபீவர், அட்ஜெக்டிவில் ஃபீவரிஷ், அட்வெர்பில் ஃபீவரிஷ்லி. வெர்ப் கட்டம் காலி.

"மூணு நாளா இதே கூத்துதாங்க" என்றார் அவர் மனைவி, காபி டம்ளரை என் கையில் கொடுத்தபடி. "மாத்திரைய எடுங்கன்னா டிக்ஷ்னரிய எடுக்குறாரு."