பலகை வைத்தால் தீராத பாவமா?

ஜெர்மனியின் விட்டன்பெர்க் பழைய நகரத்தில் வழி தவற வேண்டுமென்று நேர்ந்துகொண்டாலும் முடியாது. கிழக்கே கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் குடியிருந்த வீடு, மேற்கே கோட்டைத் தேவாலயம், நடுவே ஒரே நீளத் தெரு. கடைக்குக் கடை அவர்தான்: காலுறையில் லூதர், கையில் இறகுப் பேனாவும் பைபிளும் ஏந்திய பிளேமொபில் பொம்மை லூதர். சந்தைச் சதுக்கத்தில் 1821 முதல் வெண்கலத்தில் நிற்கிறார். 1996இல் யுனெஸ்கோவும் ஆசீர்வதித்துவிட்டது.

சதுக்கத்துக்குப் பின்னால் அவர் பிரசங்கம் செய்த நகரத் தேவாலயம். அதன் தென்கிழக்கு மூலையில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒரு பெண்பன்றியின் மடியில் யூதர்கள் பால் குடிக்கிறார்கள். ஒரு ரபி அதன் வாலைத் தூக்கிப் பின்புறத்துக்குள் எட்டிப் பார்க்கிறார். 13ஆம் நூற்றாண்டுக் கல்வேலை. 1543இல் லூதர் இதை ரசித்து விளக்கி ஒரு நூலில் எழுதினார். பிறகு அந்த நூலின் தலைப்பைத் தழுவிய வாசகத்தைச் சிற்பத்துக்கு மேலே பொறித்துக்கொண்டார்கள். யூதர்களின் ஜெபாலயங்களைக் கொளுத்தச் சொல்லி அதே ஆண்டில் இன்னொரு நூலும் எழுதினார். ஊருக்கு ‘லூதர் நகரம்’ என்ற பட்டம் அதிகாரபூர்வமாக வந்தது எப்போது தெரியுமா? 1938இல். ஜெர்மனி எங்கும் ஜெபாலயங்கள் கொழுந்துவிட்டு எரிந்த வருஷம். பட்டமளிப்புக்கு நல்ல முகூர்த்தம்தான்!

1983, லூதர் பிறந்த 500ஆம் ஆண்டு நிறைவு. கோயிலைப் புதுப்பித்தவர்கள் பன்றியையும் பக்தி சிரத்தையோடு புதுப்பித்தார்கள். அப்புறம் லேசாக உறுத்தியிருக்க வேண்டும். 1988இல் கீழே தரையில் ஒரு நினைவுத் தகடு பதித்தார்கள்; விளக்கப் பலகை ஒன்றும் வந்தது. பன்றி மேலே, வருத்தம் காலடியில்.

இதை அகற்றுங்கள் என்று ஒரு யூதர் வழக்குப் போட்டார். 2022 ஜூனில் ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: சிற்பம் யூதர்களை இழிவுபடுத்துவது உண்மையே, ஆனால் தகடும் பலகையும் வந்த பிறகு அந்த அவமானச் சின்னம் எச்சரிக்கைச் சின்னமாகிவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும். நம் ஊரில் பாவம் தொலைக்கக் காசி வரை போகிறார்கள், மடையர்கள்!

இந்தச் சட்டஞானம் 2008இல் மதுரை மாவட்டம் உத்தபுரத்துக்கு எட்டாமல் போனது எவ்வளவு நஷ்டம். தலித்துகளை மறித்து நின்ற தீண்டாமைச் சுவரில் ஒரு பகுதியைப் போலீஸ் காவலோடு இடிக்க வேண்டியிருந்தது. ‘இச்சுவர் எழுப்பப்பட்டதற்கு வருந்துகிறோம்’ என்று ஒரு பலகை மாட்டியிருந்தால் செலவு மிச்சம், சுவரும் பத்திரம். இந்த வரியைப் படித்து யோசனை நன்றாயிருக்கிறதே என்று குறித்துக்கொள்ளும் ஆட்களும் நம்மிடம் உண்டு.

விட்டன்பெர்க்கில் தீர்ப்புக்குப் பிறகு ஒரு நிபுணர் குழு சிற்பத்தைச் சுவரிலிருந்து கழற்றி அருகிலேயே விளக்கத்தோடு வையுங்கள் என்றது. 2022 அக்டோபரில் சபை நிர்வாகம் கூடி, இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தது. எடுத்தால் வரலாறு அழிந்துவிடுமாம். மூலச் சின்னத்தை அசைக்கக் கூடாதாம். லூதர் தன் 95 வாதங்களை அறைந்ததாகச் சொல்லப்படும் கோட்டைத் தேவாலய மரக்கதவு 1760இல் போரில் எரிந்து சாம்பலானது. இன்று உலகமே முன்னால் நின்று படமெடுத்துக்கொள்ளும் கதவு 1858இல் வார்த்த வெண்கலம். அங்கே மட்டும் வரலாறு சாகவில்லை.