இவர்களுக்கெல்லாம் யார் சீட் கொடுத்தது?

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோயையும் ரத்தக் கோளாறுகளையும் மட்டுமே பார்க்கிற டாக்டராக வேண்டுமா? கணக்குச் சொல்கிறேன், உட்கார்ந்து கேளுங்கள். எம்.பி.பி.எஸ்., அப்புறம் குழந்தை மருத்துவத்தில் எம்.டி., அதற்கும் அப்புறம் எஃப்.என்.பி. என்கிற 2 வருட ஃபெலோஷிப், இல்லையென்றால் 3 வருட டி.எம். அமெரிக்காவிலோ 3 வருட ரெசிடென்சியை முடித்துவிட்டு, ஃபெலோஷிப்பில் இன்னொரு 3 வருடம். எல்லாம் முடிந்து பெயர்ப் பலகை மாட்டுவதற்குள் பையனுக்கு முன்மண்டை தெரிய ஆரம்பித்துவிடும்.

இவ்வளவு சலித்து ஆள் எடுக்கிறார்களே, இந்தத் துறையைத் தொடங்கிவைத்த மகான்கள் எப்பேர்ப்பட்ட மார்க் வாங்கியிருப்பார்கள் என்று அவர்களுடைய பழைய கதையைப் புரட்டினால்... அடக் கடவுளே! ஒருத்தருக்கும் சீட் கிடைக்காது.

எல்லாப்ரகட சுப்பாராவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். 13 வயதில் வீட்டைவிட்டு ஓடினார். எதற்கு? காசியில் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரராக! பிடித்து இழுத்துவந்து திரும்பப் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். மெட்ரிகுலேஷன் பாஸானது மூன்றாவது அட்டெம்ப்டில், அதுவும் சென்னை இந்து உயர்நிலைப் பள்ளிக்கு வந்தபிறகு. அடுத்த ஆசை ராமகிருஷ்ண மடத்தில் சேருவது. அம்மா விடவில்லை. சந்நியாசி ஆகவேண்டியவர் மாப்பிள்ளை ஆகி, மாமனார் காசு உதவ சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார்.

படித்தாரே தவிர, வாயை மூடிக்கொண்டு படித்தாரா? காந்தி சொல்லிவிட்டார் என்று ஆபரேஷன் அங்கியையே கதரில் தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். சர்ஜரி புரொஃபசர் பிராட்ஃபீல்ட் துரைக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கடைசியில் கையில் கிடைத்தது எம்.பி.பி.எஸ். அல்ல, அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.எஸ். அரசாங்க வேலையும் கிடைக்கவில்லை. இங்கிலீஷ் வைத்தியம் படித்த மனுஷர், சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரிக்குப் போய் உடற்கூறு பாடம் எடுத்தார்.

1922இல் பாஸ்டனில் போய் இறங்கினார். டாக்டராக வேலை பார்க்க லைசென்ஸ் இல்லை. ஆஸ்பத்திரியில் நைட் போர்ட்டர் வேலை, பெட்பேன் கழுவுவது உட்பட. பகலில் ஹார்வர்டு! அங்கே ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து, உடம்பில் பாஸ்பரஸை அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார். உலகம் முழுக்க லேப்களில் அது புழக்கத்துக்கு வந்தது. ஹார்வர்டு பூரித்துப்போய் நிரந்தர வேலை கொடுத்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? கொடுக்கவில்லை. 1940இல் லெடர்லி மருந்து கம்பெனிக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்தவர் சிட்னி ஃபார்பர், பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனைக்காரர். நவீன கீமோதெரபியின் தந்தை என்பார்கள். குழந்தைகளைத் தட்டிக்கொடுத்து ஊசி போட்டுப் பழகிய டாக்டர் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். அவர் பேதாலஜிஸ்ட்! வேலை மைக்ராஸ்கோப்போடும் போஸ்ட்மார்ட்டம் மேஜையோடும். அந்தக் காலத்தில் லுகேமியா வந்த குழந்தை எப்படியும் கடைசியில் அவரிடம்தான் வந்து சேரும். 40 வயதைத் தாண்டிய பிறகு, கோட்டு சூட்டு மடிப்புக் கலையாத இந்தக் கனவான் பேஸ்மென்ட் லேபிலிருந்து மாடியேறி, இனி நானே வைத்தியம் பார்க்கிறேன் என்று கிளம்பினார்.

சரி, முதல் வைத்தியமாவது பலித்ததா? ஃபோலிக் ஆசிட் ஒருவகைச் சோகையைப் போக்குகிறதே, லுகேமியாவையும் போக்காதா என்று கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகமெடுத்தது. வேறு யாராவது என்றால் சத்தமில்லாமல் பேஸ்மென்ட்டுக்கே திரும்பியிருப்பார்கள். ஃபார்பரோ அந்தத் தோல்விக்கு ‘முடுக்க நிகழ்வு’ என்று சொல்லும்படியாக ஒரு கம்பீரமான பெயர் சூட்டினார்! அந்தப் பெற்றோர்களை நினைத்தால் நமக்குச் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

ஆனால் மனுஷர் அதோடு விடவில்லை என்பதுதான் விஷயம். ஃபோலிக் ஆசிட் கேன்சர் செல்லுக்குத் தீனி என்றால், தீனி மாதிரியே தோற்றமளிக்கும் போலியைக் கொடுத்து ஏமாற்றினால் என்ன? போலிக்கு எங்கே போவது? லெடர்லிக்கு. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைவர் யார்? நம்ம வாழைப்பழக்காரர்!

சுப்பாராவின் குழு செய்த அந்தப் போலிக்குப் பெயர் அமினோப்டெரின். வார்டு ஜூனியர்கள் ஒத்துழைக்கவில்லை. சாகப்போகிற குழந்தைகளை ஏன் படுத்துகிறீர்கள் என்பது அவர்கள் கட்சி. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஃபார்பர் பிடிவாதமாகச் செய்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. சில மாதங்களில் திரும்பியும் வந்தது. ஆனால் ரத்தப் புற்றுநோய் ஒரு மருந்துக்குப் பயந்து பின்வாங்கும் என்பதையே அதுவரை யாரும் நம்பத் தயாராக இல்லை. கட்டுரை 1948 ஜூனில் அச்சானது. எழுதியவர்கள் 5 பேர். சுப்பாராவின் பெயர் அதில் இல்லை. ஆகஸ்டில் அவரே இல்லை.

பெயர் விட்டுப்போவது இந்தத் துறையில் பரம்பரை வியாதி. 1904இல் சிகாகோவில் ஒரு மாணவரின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்து, சிவப்பணுக்கள் விநோதமாக நீண்டிருப்பதைப் பார்த்தவர் எர்னஸ்ட் அயன்ஸ் என்ற இன்டர்ன். 1910இல் அரிவாள் செல் நோயை உலகுக்கு அறிவித்துத் தனியாகக் கட்டுரை எழுதியவர் அவருடைய மேலதிகாரி ஜேம்ஸ் ஹெரிக். எந்த ஃபெலோவிடம் வேண்டுமானாலும் இதைச் சொல்லிப் பாருங்கள், ஆச்சரியப்படவே மாட்டார்.

ஃபார்பருக்குப் பணம் வந்த வழியும் அறிவியல் இல்லை, ரேடியோ. 1948 மே மாதம், கேன்சர் வந்த 12 வயதுப் பையன் ஒருவனுக்கு ‘ஜிம்மி’ என்று பெயர் மாற்றி ஒலிபரப்பில் பேசவைத்தார்கள். பேஸ்பால் பார்க்க அவனுக்கு ஒரு டி.வி. வேண்டும், 20,000 டாலர் சேர்ந்தால் வாங்கித் தருகிறோம் என்றார்கள். 2 லட்சத்துக்கும் மேல் கொட்டியது. ஜிம்மி நிதி அரை நூற்றாண்டு ஓகோவென்று நடந்தது. பாவம், பையன் எப்போதோ போயிருப்பான் என்றே பலரும் நினைத்திருந்தார்கள். 1998இல் பார்த்தால், அவர் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார், லாரி ஓட்டிப் பிழைத்துக்கொண்டு!

அமினோப்டெரினின் தம்பி மெத்தோட்ரெக்சேட்டை இன்றைக்கும் குழந்தைகளின் லுகேமியாவுக்குக் கொடுக்கிறார்கள். அதன் டோஸ் தெரியாமல் எந்த ஃபெலோவும் தேறிவிட முடியாது. அமெரிக்காவில் இந்தத் துறைக்கென்று முதல் போர்டு தேர்வு நடந்தது 1974இல். ஃபார்பர் அதற்கு முந்தைய வருடமே காலமாகிவிட்டார். இருந்திருந்தாலும் பிரயோஜனமில்லை: தேர்வு குழந்தை மருத்துவர்களுக்கு மட்டும், பேதாலஜிஸ்டுக்கு ஹால் டிக்கெட் வராது.