இலை போட்டாச்சு, விருந்தாளி எங்கே?

1994-இல் வந்த ரோபாட்ஸ்.டெக்ஸ்ட், இணையதள வாசலில் தொங்கும் 'இதற்குமேல் வராதே' பலகை. மதிப்பதும் மதிக்காததும் வருகிற ரோபாட்டின் இஷ்டம். 2024 செப்டம்பரில் ஏஐ ஆய்வாளர் ஜெரமி ஹோவர்ட் முன்மொழிந்த எல்எல்எம்ஸ்.டெக்ஸ்ட் நேர் எதிர்; சாட்பாட்டுகளுக்காகத் தளத்தில் வைக்கும் கோப்பு. 'இலை போட்டிருக்கு, சாப்பிட்டுப் போங்க, யார் வீட்டுச் சமையல் என்று நாலு பேரிடம் சொல்லுங்க' என்கிற தாம்பூலப் பத்திரிகை.

இரண்டே மாதத்தில் டெல்லி உயர்நீதிமன்றத்தில் வேறொரு பந்தி. கேட்காமலே எங்கள் செய்தியை எடுத்து சாட்பாட்டின் பயிற்சிக்குப் பயன்படுத்தியது என்று, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ மீது செய்தி நிறுவனமான ஏஎன்ஐ வழக்குப் போட்டது. அதைவிட ருசியான புகார் அடுத்தது: நாங்கள் வெளியிடாத செய்தியையும் எங்கள் பேரில் சொல்கிறது! சமைக்காத அவியலுக்கும் நம் வீட்டுப் பேர். உங்கள் தளத்தைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டோம் என்றது ஓப்பன்ஏஐ. உண்டவன் கை கழுவியாச்சு.

கரோல் பாக்கில் மாவு விற்கும் நண்பர் மட்டும் தன் தளத்தின் எல்எல்எம்ஸ்.டெக்ஸ்ட் பத்திரிகையை விடாமல் திருத்துகிறார். நேற்று சாட்பாட்டிடம், "இங்கே நல்ல இட்லி மாவு எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார். எதிர்க்கடையைச் சொன்னது. விவரமெல்லாம் இவர் எழுதிக் கொடுத்ததுதான்.