சுமைதாங்கி பதில்கள்

உடுமலைப்பேட்டை வாசகர்: காலியாகப் போனால் என் பிக்கப்பின் பின்பக்கம் துள்ளுகிறது. ஷாக் அப்சார்பர் போய்விட்டதா?

போகவில்லை, வண்டிக்குப் பசிக்கிறது! பின்னால் இருப்பது ஸ்பிரிங் பட்டை. சுமைக்குத்தான் வளைந்து கொடுக்கும். நாலு மூட்டை யூரியா ஏற்றுங்கள், 180 கிலோ. பின் அச்சுக்கு முன்னால் தள்ளி வைத்துக் கயிறு போட்டுக் கட்டுங்கள். துள்ளல் அடங்கிவிடும். டயர் காற்றையும் பாருங்கள். காலி வண்டிக்கு ஒரு அளவு, பாரத்துக்கு ஒரு அளவு என்று ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருப்பார்கள்.

கோவை வாசகர்: எந்த பிக்கப் வாங்கலாம், ஹைலக்ஸா, வி-கிராஸா?

பணம் தாராளமென்றால் முதலாவது. கொஞ்சம் மிச்சம் வேண்டுமென்றால் இரண்டாவது. அது ஆரம்பாக்கம் தாண்டியதும் வரும் ஸ்ரீசிட்டியில் பிறக்கிற பிள்ளை.

பொள்ளாச்சி வாசகர்: டிபிஎஃப் விளக்கு அடிக்கடி எரிகிறது. தினமும் வீட்டிலிருந்து தோப்புக்கு 3 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன்.

அந்த 3 கிலோமீட்டர்தான் வியாதியே! டீசல் புகையில் வரும் கரியை டிபிஎஃப் என்கிற வடிகட்டி பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு 600 டிகிரி அளவுக்குச் சூடேறி, தானே எரித்துவிடும். நீங்களோ இன்ஜின் சூடாவதற்குள் தோப்பில் இறங்கி இளநீர் வெட்டப் போய்விடுகிறீர்கள். கரி எங்கே போகும்? எரிகிற நேரத்தில் பாதியில் அணைத்தால் இன்னொரு தொல்லை. கரியை எரிக்கக் கூடுதலாகத் தெளித்த டீசல் இன்ஜின் ஆயிலில் இறங்கி அதை நீர்க்க வைக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் மகிழாதீர்கள், உடனே மாற்றுங்கள். மருந்து சுலபம்: வாரம் ஒருமுறை நிதான வேகத்தில் பழனிக்குப் போய் வாருங்கள். முருகன் தரிசனமும் ஆச்சு, கரியும் எரிஞ்சாச்சு! வடிகட்டியை வெட்டி எறியலாம் என்று எந்த மெக்கானிக் சொன்னாலும் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

ஊட்டி வாசகர்: எப்போதும் ஃபோர் வீலில் ஓட்டலாமா?

காய்ந்த தார் ரோட்டில் கூடாது. வளைவில் முன்சக்கரம் ஒரு தூரம், பின்சக்கரம் ஒரு தூரம் ஓடும். நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியில் அந்த இழுபறி கியர்களைத் தின்னும். சேறு வரட்டும், போடுங்கள்.

மதுரை வாசகர்: ஹைலக்ஸை அழிக்கவே முடியாதாமே?

பிபிசியின் 'டாப் கியர்' 2003இல் முயன்று பார்த்தது. 1988 மாடல் டீசல் வண்டி. கடல் ஓதத்தில் மூழ்கடித்தார்கள், தீ வைத்தார்கள், 240 அடிக் கட்டடத்தின் உச்சியில் ஏற்றி, கட்டடத்தையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். இடிபாட்டிலிருந்து எடுத்து, புது உதிரிபாகம் ஒன்றுகூட இல்லாமல் ஸ்டார்ட் செய்தார்கள். ஆஹா, அதுவல்லவா வண்டி! இன்றைய ஹைலக்ஸுக்கு நிறுவனம் சொல்வது 700 மில்லிமீட்டர் தண்ணீர். அதற்குமேல் இறக்காதீர்கள். வெள்ளத்தில் இறங்கி ஏறினால் அச்சின் ஆயிலைப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, மாற்றியே ஆகவேண்டும்.

சேலம் வாசகர்: முன்னால் புல் பார் மாட்டலாமா?

2017 டிசம்பரிலேயே மத்திய அரசு கூடாதென்று சொல்லியாயிற்று. ஏர்பேக்கின் வேலையையும் அது கெடுக்கும்.

திண்டுக்கல் வாசகி: குலதெய்வம் கோயிலுக்குப் பத்துப் பேரைப் பின்னால் உட்கார வைத்து அழைத்துப் போகலாமா?

வேண்டாம் அம்மா. பின்னால் சீட்டும் இல்லை, பெல்ட்டும் இல்லை. ஆட்கள் ஏற ஏறப் பாரம் மேலே போகும், வளைவில் வண்டி கவிழும். திடீரென்று பிரேக் பிடித்தாலே குழந்தைகள் தூக்கி எறியப்படுவார்கள். பானை, அரிசி, விறகு பிக்கப்பில் போகட்டும். ஆட்களுக்கு ஒரு வேன் பிடியுங்கள். வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ள உறவுக்காரர்கள் மறுக்க மாட்டார்கள். மறுத்தாலும் நீங்கள் அசையாதீர்கள்.

வேலூர் வாசகர்: கறுப்பு வாங்கலாமா, வெள்ளையா?

வேலூர் வெயிலில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? வெள்ளை!