விசா இல்லாமல் ஏழு நாடு

என் அப்பாவைப் பெற்ற தாத்தா கன்னியாகுமரியைப் பார்த்ததில்லை. மதுரை மீனாட்சியைத் தரிசித்ததே அறுபதுக்கு மேல்தான். ஆனால் முப்பது வயது முடிவதற்குள் எகிப்து, சூடான், எரித்ரியா, லிபியா, துனிசியா, இத்தாலி, கிரீஸ் என்று ஏழு நாட்டு மண்ணைத் தோண்டிப் பார்த்துவிட்டார். தோண்டி என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவில் இருந்தவர் அவர். பாதை போடுவது, பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது, இவைதான் வேலை. பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது, கப்பல் சர்க்கார் செலவு. சம்பளம் மாதம் இருபது ரூபாய்க்குள்.

வட ஆற்காட்டுக்காரர் அங்கே போய்ச் சேர்ந்ததே ஒரு வேடிக்கை. தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை, போர்க்குடி என்றால் வடக்கேதான் என்பது வெள்ளைக்கார அதிகாரிகளின் பழைய கணக்கு. அந்தக் கணக்குப்படி 1920களில் மதராஸ் காலாட்படைப் பட்டாளங்களைக் கலைத்துப் போட்டார்கள். சாப்பர்ஸை மட்டும் விட்டுவைத்தார்கள். பிறகு உலகப் போர் வந்தது. 1939இல் சுமார் 2 லட்சமாக இருந்த இந்திய ராணுவம் 1945இல் 25 லட்சத்தைத் தொட்டது. அத்தனை பேருக்குப் போர்க்குடியை எங்கே தேடுவது? லாயக்கற்றவனுக்கெல்லாம் திடீரென்று வீரம் இருப்பது தெரிந்துபோயிற்று. கலைத்த மதராஸ் ரெஜிமெண்டைப் போருக்கு நடுவிலேயே மறுபடி எழுப்பினார்கள்.

தாத்தா எங்கே இருக்கிறார் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. கடிதத்தில் ஊர் பெயர் எழுதக் கூடாது. எழுதினால் சென்சார்காரர் மை தடவிவிடுவார். முகவரியில் முதலில் எம்.ஈ.எஃப். என்று இருந்தது, பிற்பாடு சி.எம்.எஃப். என்று மாறியது. மத்திய கிழக்குப் படை, மத்திய மத்தியதரைக் கடல் படை. முதலாவதை ஏதோ ஒரு ஊர் என்றே பாட்டி நினைத்திருந்தார். எழுத்து மாறியதும், "மாத்தல் ஆயிட்டாரு" என்று அக்கம்பக்கத்தில் சொன்னாராம். அவ்வளவு தப்பும் இல்லை. இன்று என் மனைவி நான் கோயம்பேட்டில் இருக்கிறேனா, மதுரவாயல் தாண்டிவிட்டேனா என்பதைக் கைபேசியில் நீலப் புள்ளியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பாட்டிக்கு ஐந்து வருடமாக ஒரு கண்டமே புள்ளி.

பல முனைகளில் போர் என்று வரலாற்றுப் புத்தகங்கள் எழுதுகின்றன. மேலே உட்கார்ந்து வரைபடத்தில் ஊசி குத்துகிறவருக்கு அது பல முனை. கீழே இருப்பவருக்கு மூட்டை கட்டுவது, லாரி ஏறுவது, இறங்குவது. 1940 டிசம்பர் 9ஆம் தேதி எகிப்துப் பாலைவனத்தில் இத்தாலியர்கள்மேல் பாய்ந்தது தாத்தா இருந்த நான்காவது இந்திய டிவிஷன். சிதி பரானியைப் பிடித்தார்கள், கைதிகள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள். வெற்றியைக் கொண்டாடும் முன்பே உத்தரவு வந்துவிட்டது: சூடானுக்குப் புறப்படு. மத்திய கிழக்குத் தளபதி வேவல் துரைக்கு அங்கே இன்னொரு முனை திறந்திருந்தது. பாலைவன மணலைத் தலையிலிருந்து உதறாமலே அவர்கள் எரித்ரியாவின் மலைகளில் போய் நின்றார்கள். அங்கே கெரென் என்ற ஊருக்கு முன்னால், மலையிடுக்கில் ஓடும் ஒற்றைப் பாதையை இத்தாலியர்கள் பாறையை வெடித்துச் சரித்து மூடியிருந்தார்கள். இருபக்கச் சிகரங்களையும் பிடிக்க வாரக்கணக்கில் உயிர் போனது. பாறையை அகற்றும் வேலை சாப்பர்களுக்கு. 1941 மார்ச் 27இல் ஊர் விழுந்ததும் என்ன நடந்தது? மறுபடி மூட்டை, மறுபடி பாலைவனம்.

இன்று எரித்ரியாவுக்கு சுற்றுலா போனால், தலைநகர் அஸ்மாராவைவிட்டு வெளியே காலெடுத்து வைக்கத் தனி அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். தாத்தாவின் கோஷ்டி உள்ளே நுழைய யாரிடமும் சீட்டு வாங்கவில்லை. அதைத்தான் சண்டை என்கிறார்கள்.

எங்கள் கொல்லையில் பனங்கிழங்குப் பாத்தி உண்டு. தாத்தா கிழங்கு எடுக்கும் அழகே தனி. மற்றவர்கள் கடப்பாரையை நேராகக் குத்துவார்கள். அவர் குந்தி உட்கார்ந்து, மெல்லிய இரும்புக் கம்பியைச் சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல் விரலிடைவிட்டு விரலிடை செருகுவார். ஏதாவது தட்டினால் கம்பியை அங்கேயே விட்டுவிட்டுக் கையால் மண்ணைத் தள்ளுவார், முதலில் பக்கவாட்டில், பிறகு மேலே. கிழங்கு முழுசாகத் தெரிந்த பிறகும் உடனே இழுக்க மாட்டார். அடியில் விரல் விட்டுத் தடவிப் பார்ப்பார். ஒரு கிழங்குக்கு இவ்வளவு மரியாதையா என்று நாங்கள் சிரிப்போம். வெகுநாள் கழித்து ஒரு ராணுவக் கையேட்டில் கண்ணிவெடி தேடும் முறையைப் படித்தேன். பயனெட்டைச் சாய்த்துச் செருகு, நேராகக் குத்தினால் வெடியின் தலையை அழுத்துவாய். எடுக்கும் முன் அடியில் இன்னொன்று கோத்திருக்கிறதா என்று பார். வரிக்கு வரி எங்கள் கொல்லை.

அல் அலமைனில் ஜெர்மானியர்கள் ஏறக்குறைய 5 லட்சம் வெடிகளைப் புதைத்து, அதற்கு சாத்தானின் தோட்டம் என்று பெயரும் வைத்திருந்தார்கள். இப்போது அதே கடலோரத்தில் நியூ அலமைன் என்று ஒரு நகரம் எழுந்திருக்கிறது. வானுயர்ந்த குடியிருப்புகள், நீலக் கடல், கோடைக் கச்சேரிகள். விளம்பரப் படங்களில் மணல் வெள்ளைவெளேரென்று மின்னுகிறது. எடுக்காமல் விட்டுப்போன வெடிகள் அந்தப் பாலைவனத்தின் உட்பகுதியில் இன்றும் கிடக்கின்றன. மனை விற்கிறவர்கள் கடலைத்தான் காட்டுகிறார்கள்.

தாத்தா அங்கே மண் கிளறிக்கொண்டிருந்த 1942இல் ஆபத்து வேறு திசையில் வந்தது. ஏப்ரல் 5இல் ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9ஆம் தேதி திருகோணமலை. அவசியமில்லாதவர்கள் வெளியேறலாம் என்று சர்க்கார் சொல்ல, சென்னை காலியானது. சென்ட்ரல் பக்கத்திலிருந்த மிருகக்காட்சி சாலையில் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன செய்வது என்ற முன்யோசனை. தாத்தாவின் அக்கா புரசைவாக்கத்திலிருந்து பானை சட்டியோடு ஊருக்கு வந்து சேர்ந்தார். செய்தி கடிதமாகப் போய்ச் சேர்ந்தபோது, போர்முனையில் இருந்தவர் வீட்டிலிருந்தவர்களை நினைத்துத் தூக்கமில்லாமல் கிடந்தாராம். அந்த ஏப்ரலில் சென்னைமீது ஒரு குண்டும் விழவில்லை. மறு வருடம் அக்டோபரில் ஒற்றை விமானம் வந்து துறைமுகப் பக்கம் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. அப்போது ஓடுவதற்கு யாருக்கும் அலுப்பு.

இத்தாலிக்குப் போக எனக்கு ஆசை வந்தது இதையெல்லாம் அசைபோட்டுத்தான். விசா மையத்தில் வங்கிக் கணக்கு கேட்டார்கள், ஓட்டல் ரசீது கேட்டார்கள், 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கேட்டார்கள். எல்லாம் கொடுத்த பிறகு, நான் நிச்சயம் ஊர் திரும்புவேன் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். தாத்தாவைக் கப்பலேற்றியவர்கள் இந்த ஒன்றைக் கேட்கவில்லை. பயணத்தின் நோக்கம் என்ற கட்டத்தில் சுற்றுலா என்று நிரப்பினேன். நிலம் பார்க்க என்று எழுதினால் வம்பு.

மான்டே கசினோ மடாலயம் மலையுச்சியில் புத்தம்புதுசாக நிற்கிறது. பழையதை 1944 பிப்ரவரி 15இல் அமெரிக்க விமானங்கள் தரைமட்டமாக்கின. குண்டு போடச் சொல்லிக் கேட்டது எங்கள் தாத்தாவின் டிவிஷன் தளபதி டக்கர். அந்தக் கட்டடத்தின் சுவர் எவ்வளவு கனம் என்று மேலிடத்து உளவுத்துறையால் அவருக்குச் சொல்ல முடியவில்லை. நேப்பிள்ஸ் நகரப் புத்தகக் கடைகளைத் துழாவி, 1879இல் அச்சான ஒரு புத்தகத்தை வாங்கித்தான் தெரிந்துகொண்டார். இன்று அந்த மடாலயத்துக்கு எத்தனை நட்சத்திரம், கழிப்பறை சுத்தமா என்பதுவரை கைபேசி சொல்கிறது. குண்டு விழுந்தபோது உள்ளே இருந்தவர்கள் துறவிகளும் அடைக்கலம் தேடி வந்த ஊர்மக்களும். இடிபாடான பிறகுதான் ஜெர்மானியர்கள் உள்ளே போய் வசதியாகப் பதுங்கினார்கள். தாக்கப்போகும் நேரம் மலைமேலிருந்த இந்தியத் துருப்புகளுக்கே சரியாகத் தெரிவிக்கப்படவில்லை. அவர்கள்மேலும் சில குண்டுகள் விழுந்தன.

மடாலயத்துக்குப் பின்பக்கமாக டாங்கி ஏற, இந்திய, நியூசிலாந்து சாப்பர்கள் கழுதைப் பாதையை வெட்டி அகலப்படுத்தினார்கள். கேவண்டிஷ் ரோடு என்று பெயர். மார்ச் 19இல் டாங்கிகள் ஏறின, காலாட்படை துணை இல்லாமல் திணறித் திரும்பின. அந்த வழியில் இப்போது மலையேற்றக்காரர்கள் ஊன்றுகோலோடு நடக்கிறார்கள். சரிவு பிரமாதம் என்றார் ஒருவர். எங்கள் வீட்டு ஆள் போட்டது என்று சொல்ல எனக்கு இத்தாலிய மொழி போதவில்லை.

அதே பிப்ரவரியில், 24ஆம் தேதி, மின்யானோ அருகே மெட்ராஸ் சாப்பர்ஸின் சுபேதார் சுப்பிரமணியன், தன் ஆள் மிதித்துவிட்ட வெடியின்மேல் தானே விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றி இறந்தார். செங்கல்பட்டு ஜில்லாக்காரர். ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். அவர் பெயர் இத்தாலியில் சாங்ரோ நதிக்கரை நினைவுச்சின்னத்தில் இருக்கிறது. நான் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். தாத்தா ஒருநாளும் சொன்னதில்லை. அவர் சொன்னதெல்லாம் இத்தாலிச் சேற்றில் பூட்ஸ் கழன்றுபோகும் கதை.

தாத்தாவின் தம்பி மலாயா ரப்பர் தோட்டத்துக்கு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். அவருக்கு முனை எதுவும் கிடையாது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும் முனைதான் அவரிடம் வந்தது. ஜப்பானியர்கள் சயாம் மரண ரயில் பாதை போட இழுத்துப் போனார்கள், 415 கிலோமீட்டர். திரும்பவில்லை. காஞ்சனபுரியில் வெள்ளைக்காரக் கைதிகளுக்கு வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள், புல்வெளி, ரோஜாச் செடி. பல்லாயிரம் தமிழ்க் கூலிகளுக்குப் பட்டியலே சரியாக இல்லை. அந்தப் பாதையின் பாலத்தில் இன்று சுற்றுலா ரயில் ஓடுகிறது.

தாத்தாவுக்குப் பதக்கங்கள் வந்தன. கிரீஸில் யாரோடு யார் சண்டை என்று புரியாமலே அவர் ஊர் திரும்பியது 1945இல். ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார் இரண்டும் பாட்டியின் சுருக்குப்பையில் பல வருடம் கிடந்தன. போன பொங்கலுக்கு என் சித்தப்பா மகன் அவற்றைப் படம் பிடித்து, வெளிநாட்டு ஏலத் தளங்களில் விலை தேடினான். முகம் சுண்டிவிட்டது. ஆறு முனை நட்சத்திரமாம், வெறும் பித்தளைக் கலவையாம், லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளியதாம். இத்தாலி ஸ்டார் போகும் விலையை யூரோவில் மாற்றிப் பார்த்தோம். இத்தாலி விசாவுக்கு நான் கட்டியது 90 யூரோ.

"ரெண்டையும் சேத்து வித்தா கட்டுமாண்ணா?"

கட்டாது. சேவைக் கட்டணம் வேறு தனி.