அருவத்துக்கு அரிதாரம்: தடைவிடைகளுடன் ஓர் ஆராய்ச்சி

மேசை விளையாட்டுக்கான பிளாஸ்டிக் பொம்மைகள் ஒளி புகாதவை, ஒளி புகுபவை என இரு வகைப்படும். சாம்பல் நிறத்தில் வரும் முதல் வகைக்கு, அதாவது வீரன், குள்ளன், பூதம், பன்றித் தலையன் முதலானோர்க்கு, வண்ணம் பூசும் முறையைச் சொல்ல ஆள் ஏராளம். இரண்டாம் வகையாகிய பேய், நெருப்புப் பூதம், நீர்ப் பூதம், மாயமாய் மறைந்த மந்திரவாதி ஆகியோர்க்கு எங்ஙனம் பூசுவது என்று கேட்டால் அறிஞர்கள் தேநீர் குடிக்கப் போய்விடுகிறார்கள். அக்குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது. இதை யாரும் கேட்கவில்லை என்பது உண்மைதான். எந்த ஆய்வைத்தான் யார் கேட்டார்கள்?

முதற்கண் ஒரு தடை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று என்று காட்டுவதற்காகவே ஒளி புகும் பிளாஸ்டிக்கில் வார்த்த பொம்மையைப் பிரஷ் கொண்டு தெரியவைப்பது, மாறுகொளக் கூறல் என்னும் குற்றம் ஆகாதோ எனின், ஆகாது. என்னை? இப்பொம்மைகளில் ஆளுயரம் என்பது ஏறத்தாழ 28 மில்லிமீட்டர். இவ்வளவே உயரமுள்ள தெளிந்த பிளாஸ்டிக் துண்டு மேசையில் இருப்பதே தெரியாது, முழங்கை பட்டுத் தரையில் விழும், விழுந்ததும் தெரியாது. அப்புறம் வெறுங்காலோடு வருபவர் அருவத்தின் உண்மையை உள்ளங்கால் வழியே அறிவார். ஆதலின் பூசுதல் வேண்டும். எவ்வளவு என்பதே வினா.

இத்துறைக்கு முதல்நூல் தந்தவர் யாரெனின், ஹெச்.ஜி. வெல்ஸ் என்க. பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் போராடும் விதிகளை ‘லிட்டில் வார்ஸ்’ என்ற சிறு நூலாக 1913-இல் வெளியிட்டவர் அவர். அதற்குப் பதினாறு ஆண்டு முன்னரே, 1897-இல், ‘தி இன்விசிபிள் மேன்’ நாவலையும் அவரே எழுதிவிட்டார். அந்நாவலின் நாயகனான கிரிஃபின் தன் நண்பனுக்கு ஓர் ஒளியியல் பாடம் நடத்துகிறான். கண்ணாடியைப் பொடித்தால் வெள்ளைத் தூளாகத் தெரிகிறது. அந்தத் தூளைத் தண்ணீரில் போட்டால் மறைந்துபோகிறது. காரணம், இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் நெருங்கியவை. இரு நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒளி புகும் பொம்மைக்கு வண்ணம் பூசுவோர் அறியவேண்டிய இலக்கணம் முழுவதும் கிடைத்துவிடும். இணைத்துப் படிக்கும் பேறு நமக்கு வாய்த்தது.

இலக்கணம் வருமாறு. காற்றின் ஒளிவிலகல் எண் 1. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கின் எண் சுமார் 1.59. வேறுபாடு பெரிது, எனவே ஒவ்வொரு மேற்பரப்பிலும் நேராக விழும் ஒளியில் ஏறக்குறைய 5 சதவீதம் திரும்பிவிடும். மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும்வரை இதனால் கேடில்லை. கீறல் விழுந்தாலோ அங்கே நூறு சிறு மேற்பரப்புகள் தோன்றி ஒளியை நூறு பக்கமும் சிதறடிக்கும். அதைத்தான் நாம் ‘வெளுத்துப்போச்சு’ என்கிறோம்.

இதை நேரில் காணலாம். பொம்மையின் முதுகில் அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு இருக்கும். அதைக் கத்தியால் மெல்லச் சுரண்டினால் கோடு போகும். சுரண்டிய இடம் பால் படிந்ததுபோல் வெளுக்கும். இப்போது விரலை நாக்கில் தொட்டு அங்கே ஒரு தடவு தடவிப் பாருங்கள். வெளுப்பு சட்டென்று மறையும். ஈரம் காயக் காயத் திரும்ப வரும். கிரிஃபின் சொன்ன கண்ணாடித் தூள் இதுவே. எச்சில் நிலைக்காது என்பதால் அதன் இடத்தில் பளபளப்பு வார்னிஷ் பூசவேண்டும். அக்ரிலிக் வார்னிஷின் எண் 1.49 அளவில் இருப்பதால் கீறலுக்குள் புகுந்து நிரப்பி, உள்ளிருக்கும் பிளாஸ்டிக்கோடு ஒன்றிவிடும். அவ்விரண்டுக்கும் இடையே திரும்பும் ஒளி 0.1 சதவீதம்தான். மேட் வார்னிஷ் பூசுவோர் கவனிக்க: அதன் மேற்பரப்பே ஒளியைச் சிதறடிக்கும் சொரசொரப்பு. பேயைத் தெளிவாக்க நினைத்துக் குளியலறை ஜன்னல் ஆக்கிவிடாதீர்கள்.

அஃதேல், பிரைமர் அடிக்கலாமோ எனின், ஒளி புகாத பிரைமரை அடித்தால் இக்கட்டுரையை மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை. உங்களிடம் இருப்பது முதல் வகைப் பொம்மை. டப்பாவிலிருந்து எடுக்கும்போதே பிரைமர் பூசி வரும் பொம்மை வரிசைகள் உண்டு. அவற்றைத் தயாரிப்போரே ஒளி புகும் பாகங்களை மட்டும் பூசாமல் விடுகிறார்கள். மேலும், மென்மையான பி.வி.சி. வகையில் சில ஸ்பிரே பிரைமர்கள் காயவே காயாமல் பிசுபிசுக்கும். பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் கழுவி, அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசையைப் போக்குவதே போதிய தயாரிப்பு.

இனி வண்ணத்துக்கு வருவோம். இத்துறையின் முதல் எதிரி வெள்ளை. வெள்ளைப் பெயின்ட்டில் இருப்பது டைட்டானியம் டை ஆக்ஸைடு. அதன் ஒளிவிலகல் எண் 2.7 அளவு. எந்தப் பிசினோடும் ஒத்துப்போகாமல் எல்லா ஒளியையும் திருப்பி அடிப்பதே அதன் பிறவிக் குணம். சுவருக்கு அது வரம், பேய்க்கு எமன். வெளிர் நீலம், வெளிர் பச்சை என்று கடைக்காரர் நீட்டும் சீசாக்களின் வயிற்றிலும் பெரும்பாலும் இதுவே ஒளிந்திருக்கும். பெயரில் ‘ஆவி’ என்று போட்டிருந்தாலும் நம்ப வேண்டா.

பூசத்தக்கவை ஒளியை வடிகட்டி அனுப்பும் வகையின. டாமியா நிறுவனத்தின் கிளியர் வரிசை இவற்றுள் மூத்தது: எக்ஸ்-23 நீலம், எக்ஸ்-24 மஞ்சள், எக்ஸ்-25 பச்சை, எக்ஸ்-26 ஆரஞ்சு, எக்ஸ்-27 சிவப்பு. மாடல் கார்களின் விளக்குக் கண்ணாடிக்காகச் சிவப்பை வாங்கியவர்கள், பொம்மையின் வாளில் இரத்தம் காட்டவும் அதையே பயன்படுத்துவது வழக்கம். கேம்ஸ் வொர்க்‌ஷாப் 2019-இல் கொண்டுவந்த கான்ட்ராஸ்ட் வண்ணங்களும் மேட்டில் மெலிந்து பள்ளத்தில் தேங்கும் இயல்பின. மீடியம் கலந்து நீர்க்கச் செய்தால் நெருப்புப் பூதத்துக்கு நன்கு பொருந்தும். நெருப்பில் ஒரு நுட்பம்: மெய்யான சுடரில் அடிப்பகுதியே வெளிச்சம் மிக்கது, நுனி மங்கல். எனவே மஞ்சளை அடியிலும் சிவப்பை நுனியிலும் வைக்கவேண்டும். தலைகீழாகப் பூசிய பூதங்களே உலகில் அதிகம் என்பது கட்டுரையாளர் கணிப்பு.

பேயின் கண் தனி இயலாக விரியத்தக்கது. முகத்தில் இரண்டு புள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தால் நிறைவாக இருக்கும். பொம்மையைத் திருப்பினால் பின்னந்தலை வழியாகவும் அதே இரண்டு புள்ளிகள் நம்மைப் பார்க்கும். தலை தெளிவாக இருக்க இருக்கப் பார்வையும் தெளிவாக இருக்கும். இதைப் பேயின் இயல்பு என்று ஏற்பாரும் உளர். ஏலாதார் பின்னந்தலையில் கூந்தலை மட்டும் ஒளி புகாத வண்ணத்தால் பூசி மறைப்பர். இனி, பொம்மையின் பாகங்களை ஒட்டும்போது சூப்பர் குளூ ஆகாது. அதன் ஆவி படிந்து சுற்றிலும் வெள்ளைப் புகை பூத்துவிடும். வெள்ளைப் பசையே போதும்.

எல்லா வாதமும் வந்து முட்டும் இடம் ஜெலட்டினஸ் கியூப். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் படைத்த ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ 1974-இல் வந்தபோதே இந்தக் கூழ்க் கனசதுரமும் வந்துவிட்டது. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி. அந்நாளைய நிலவறை வரைபடத்தில் கட்டத்தாளின் ஒரு கட்டம் பத்தடி; தாழ்வாரத்தின் அகலமும் பத்தடி. எனவே இடைவெளி இல்லாமல் தாழ்வாரத்தை அடைத்துக்கொண்டு, கிடைத்ததையெல்லாம் செரித்துத் துப்புரவு செய்துகொண்டே நகரும். காட்டுக்கும் கடலுக்கும் ஏற்ப விலங்குகள் பரிணமித்ததைப் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். கட்டத்தாளுக்கு ஏற்பப் பரிணமித்த ஒரே விலங்கு இது.

ஐந்தாம் பதிப்பின் விதிப்படி, அசையாமல் நிற்கும் கனசதுரத்தைக் கண்டுகொள்ளப் பகடை எண்ணும் கூர்நோக்குத் திறனுக்கான கூட்டலும் சேர்ந்து குறைந்தது 15 வேண்டும். காணாதவர் நேரே அதற்குள் நடந்து போவார். ஒரு அங்குலம் ஐந்தடி என்னும் அளவுப்படி பொம்மைக்கு இரண்டு அங்குலம். ஈண்டு தடை: இரண்டு அங்குலப் பச்சைக் கட்டியை மேசை நடுவில் வைத்துவிட்டு, அது உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்வது எங்ஙனம்? விடை: முன்கூட்டி வைக்கலாகாது. எவரேனும் உள்ளே நடந்தபின் அவர் பொம்மையின் மேல் கவிழ்ப்பதே மரபு. உள்ளீடின்றி அடி திறந்து வரும் கனசதுரங்கள் இதற்கே உதவும். வெளியே வண்ணம் கெட்டியாக இருந்தால் உள்ளே விழுங்கப்பட்ட நண்பர் தெரியமாட்டார். அவர் தவிப்பைக் காணும் மகிழ்ச்சி மற்றவர்க்கு இல்லாமல் போகும்.

பூசுவோர் இங்கே மூன்று மதமாகப் பிரிவர். பூசாவாதிகள் ஆலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே விடவேண்டும் என்பர். நெக்ரான் என்னும் பொம்மைப் படையின் துப்பாக்கிகளில் செருகும் பச்சைக் குச்சிகளை மேற்கோள் காட்டுவர். முழுப்பூச்சுவாதிகள் பெயின்ட்டுக்குக் காசு கொடுத்தோமே என்பர். உட்பூச்சுவாதிகள் ரேடியோ கன்ட்ரோல் கார்களின் பாலிகார்பனேட் கூட்டைப் போல உட்புறமே பூசுவர். இதில் வரிசை தலைகீழ்: நுண்ணிய வேலை முதலில், பின்னணி கடைசியில். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியர்கள் கையாளும் வரிசையும் இதுவே. பிரஷ் நுழையும் பொம்மைக்கு நல்ல வழி. 28 மில்லிமீட்டர் பேயின் வயிற்றுக்குள் நுழைய வழியில்லை.

எனவே கட்டுரையாளர் துணிபு: கனசதுரத்தின் பன்னிரண்டு விளிம்புகளில் மட்டும் வெளிர் பச்சையை டிரை பிரஷ்ஷாக இழுத்து, பள்ளங்களில் நீர்த்த பச்சை வாஷ் ஓடவிட்டு, ஆறு முகங்களையும் பளபளப்பு வார்னிஷால் துலக்கி நிறுத்துக. பேயாயின் பாதத்தில் கெட்டியாகத் தொடங்கி இடுப்புக்குமேல் வெறும் பிளாஸ்டிக்காக விடுக. டைட்டானியம் வெள்ளையை விளிம்புக்கன்றி வேறு எங்கும் தொடவேண்டா. மாற்றுக் கருத்துடையோர் மறுப்பு எழுதலாம். எழுதுமுன் தம் பொம்மையை ஒருமுறை மேசை விளக்குக்கு முன்னால் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுக.