சாருக்கு ஒரு பிழை

கீழே வேலை செய்பவர் நல்ல முடிவோடு வந்து நின்றால் எனக்கு உடம்புக்கு ஆகாது. அசட்டு யோசனையோடு வந்தாலாவது கோபித்து, திருத்தி, உபகாரம் செய்த திருப்தியோடு காபி குடிக்கலாம். சரியான யோசனையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கையெழுத்துதான் போடவேண்டும். வெறும் கையெழுத்துப் போடவா கண்காணிப்பாளர் ஆனேன்?

அரசு அலுவலகத்தில் இதற்குக் கைகண்ட மருந்து உண்டு. கோப்பில் 'பேசவும்' என்று எழுதித் திருப்பிவிடுவது. எதைப் பற்றி என்று எழுத வேண்டியதில்லை. உதவியாளர் வந்து நிற்பார். அவர் குறிப்பில் எழுதியதையே அவருக்கு நான் விளக்குவேன். அவர் "ஆமாம் சார்" என்பார். அந்த நிமிஷத்திலிருந்து முடிவு என்னுடையது. போகிறபோக்கில் ஒரு 'எனவே'யை 'ஆகவே' ஆக்கிவிடுவேன். நிர்வாகம் நடக்கிறது என்பதற்கு அத்தாட்சி வேண்டாமா?

எங்கள் பிரிவில் விவரமான பெண் ஒருவர் இருந்தார். அவருடைய வரைவில் முதல் பத்தியில் ஒரே ஒரு ஒற்றுப்பிழை இருக்கும். அதைச் சுழித்து, 'கவனம் தேவை' என்று எழுதி, உடனே கையெழுத்திட்டுவிடுவேன். என்ன கண் நமக்கு என்று மெச்சிக்கொள்வேன். அவர் விடுப்பில் போனபோது, புதிதாக வந்த பையனுக்கு எழுதிவைத்த சீட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது: "வரைவில் சாருக்கு ஒரு பிழை விட்டுவைக்கவும். இல்லாவிட்டால் 'பேசவும்' வரும்."

இதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. மனைவி சிரிக்கவில்லை. தொழில் ரகசியம் அம்பலமானதுபோல் முகம் மாறியது. எனக்குச் சந்தேகம் தட்டியது. கோடையில் மாடித் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டபோது, "வெள்ளைத் தொட்டி வாங்கலாங்களா?" என்று அப்பாவியாகக் கேட்டவள் இவள்தானே? "வெள்ளையா! வெளிச்சம் புகுந்து பாசி பிடிக்கும். கறுப்புதான்!" என்று முழங்கினேன். தேடிப் பார்த்தேன். கறுப்புத் தொட்டிக்கு முதல் நாளே முன்பணம் கட்டிய ரசீது அரிசி டப்பாவில் கிடைத்தது.

சட்டமும் அவள் பக்கம். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டில் 18 வயது நிரம்பிய பெண்களில் மூத்தவர்தான் ரேஷன் அட்டைக்குக் குடும்பத் தலைவர். எங்கள் அட்டையில் இன்னும் என் படம்தான். மாற்றிவிடலாமா என்று பெருந்தன்மையோடு கேட்டேன்.

"இருக்கட்டுங்க, உங்க பேர்ல இருந்தாத்தான் எனக்கு வசதி" என்றாள்.

தொட்டியில் இதுவரை பாசி பிடிக்கவில்லை. கறுப்பைத் தேர்ந்தெடுத்தது நான்தான் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறேன். யாராவது விசாரித்தால் நீங்களும் அப்படியே சொல்லிவிடுங்கள்.